ஒன்றுமே இல்லாத டப்பா

கண்ணுக்குத் தெரியாத ஒரு பொருளைச் செய்துவிட்டவர்களுக்கு, அதை ஊரெல்லாம் காட்டியே தீர வேண்டும் என்கிற வியாதி வந்துவிடும். எனக்கு வந்தது. (இப்போது குணமாகிவிட்டது. மருந்து, தேன்.)

அப்போது நான் பெங்களூரில் ஆராய்ச்சி மாணவி. மூளையில் ஓடும் மின்சாரத்தைப் பதிவுசெய்ய அதன்மேல் மின்முனைகளை வைப்பார்கள். உலோகத்தில் செய்தால் அடியில் இருப்பதை அது மறைத்துவிடும். கரி அணுக்கள் ஒரே அடுக்காக அமைந்த கிராஃபீனில் செய்தால் கண்ணாடி மாதிரி ஒளியை உள்ளே விடும். மின்சாரத்தைப் பதிவுசெய்துகொண்டே, அதே இடத்தில் செல்கள் மினுங்குவதையும் நுண்ணோக்கியில் பார்க்கலாம். மாதக்கணக்கில் சொதப்பிய பிறகு உருப்படியாக ஒன்றே ஒன்று தேறியது. கிராஃபீன் ஒட்டிய நகத்தளவு பிளாஸ்டிக் படலம். அதை ஒரு சின்ன டப்பாவில் வைத்தேன். திங்கட்கிழமை காலை அதை வேலூரில் ஓர் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். அங்கே நுண்ணோக்கியும் ஓர் எலியும் எனக்காகக் காத்திருந்தன. என் ஆய்வேட்டின் கடைசி அத்தியாயமே அந்த டப்பாவுக்குள்தான் இருந்தது.

நேரே வேலூருக்குப் போயிருக்கலாம். ஆனால் காவலூரில் அக்கா வீடு இருக்கிறது. மாமா வானோக்கு நிலையத்தில் வேலை பார்க்கிறவர். நட்சத்திரம் பார்க்கிற வீடு என் பெருமையையும் கொஞ்சம் பார்க்கட்டுமே என்று ஞாயிற்றுக்கிழமை அங்கே போய் இறங்கினேன்.

சாப்பாடு முடிந்ததும் அக்காவின் மாமியாரிடம் டப்பாவைத் திறந்து நீட்டினேன்.

“உள்ள இன்னா தெரியுது, அத்தை?”

“ஒண்ணும் தெரியலியே கண்ணு.”

“அதான் விசேஷமே.”

அத்தை மரியாதைக்குத் தலையாட்டினார். சாயங்காலம் டீ குடிக்கும்போது மறுபடி நீட்டினேன். “பாத்தீங்களா, காலி டப்பா மாதிரியே இருக்குதில்ல?” ராத்திரி படுக்கப் போகுமுன் இன்னொரு முறை. அந்த முறை அத்தை டப்பாவைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், ஏதோ யோசனையோடு சமையலறைக்குப் போனார். (அறிவியல் புரிந்துவிட்டது என்று நான் பூரித்துப்போனேன்.)

காலையில் பார்த்தால் டப்பா செய்தித்தாளில் சுற்றி, நூலால் கட்டப்பட்டிருந்தது. என் ஆராய்ச்சியின் அருமை தெரிந்த குடும்பம் என்று நெகிழ்ந்துபோய், பிரிக்காமல் பைக்குள் வைத்தேன். கொஞ்சம் கனத்தது. பொறுப்பின் கனம் என்று நினைத்துக்கொண்டேன்.

வேலூர் ஆய்வகத்தில் கையுறை, முகக்கவசம் சகிதம் எல்லோரும் சூழ்ந்து நின்றார்கள். நூலை அறுத்து, காகிதத்தைப் பிரித்தேன். டப்பா நிறையத் தேன்.

ஆய்வகத் தலைவியான பேராசிரியை டப்பாவை வாங்கி விளக்குக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார்.

“ஒளி நல்லாத்தான் ஊடுருவுது,” என்றார்.

எலிக்கு அன்று விடுமுறை. நான் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதுகொண்டே போன் போட்டேன்.

“அத்தை, டப்பால இன்னா ஊத்தினீங்க?”

“மலைத்தேன் கண்ணு, சுத்தமானது. வூட்டுக்கு வந்த பொண்ணு காலி டப்பாவத் திருப்பித் திருப்பி நீட்டுது. வாய்விட்டுக் கேக்கக் கூச்சப்படுதுன்னு எனக்குத் தெரியாதா? வெறும் டப்பாவக் குடுத்து அனுப்புவாங்களா யாராவது?”

உள்ளே என்ன இருந்தது என்று சொன்னேன். அந்தப் பக்கத்திலிருந்து தயங்கித் தயங்கி ஒரு யோசனை வந்தது.

“வடிகட்டிப் பாரேன் கண்ணு. கெடைச்சிடும்.”

வடிகட்டினேன். கிடைத்தது. வெந்நீரில் கழுவியதும் கிராஃபீன் உரிந்துகொண்டு போய்விட்டது. மறுபடி ஒன்று தேறுவதற்குள் அடுத்த மாம்பழக் காலமே வந்துவிட்டது. அத்தைமேல் கோபப்படவும் முடியவில்லை. கேட்காமலே கொடுக்கிற மனுஷியிடம் எப்படிக் கோபப்படுவது? தேன் வேறு அபார ருசி.

அதற்கப்புறம் என் கல்யாணம். மேடையில் அத்தை ஒரு குட்டி டப்பாவைக் கொடுத்தார். திறந்தேன். காலி. கதை தெரிந்த மண்டபம் முழுக்கச் சிரித்தது. நானும் அசடு வழியச் சிரித்துவிட்டு, டப்பாவைப் பின்னாலிருந்த குப்பைப் பைக்குள் போடப் போனேன். அத்தை கையைப் பிடித்துக்கொண்டார்.

“நல்லா உத்துப் பாரு கண்ணு.”

மூலையில் ஒரு வெள்ளைக்கல் மூக்குத்தி ஒட்டிக்கொண்டிருந்தது.

“உனக்கும் தெரியல இல்ல?” என்றார் அத்தை, பரம திருப்தியோடு.

இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் யார் எந்த டப்பாவைக் கொடுத்தாலும், வாங்குகிறவர் அதை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, “ஒளி நல்லாத்தான் ஊடுருவுது” என்று சொல்லிவிட்டுத்தான் திறக்கிறார். அப்போதெல்லாம் எல்லோரும் என் மூக்கைத்தான் பார்க்கிறார்கள்.