எடைமேடைக்குப் பின்னால் ஒரு இத்தாலி

ஆலங்குடி

அன்பு மகன் கவியரசனுக்கு, அப்பா பெரியகருப்பன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அம்மா செங்கமலமும், அக்கா காவ்யாவும் மாப்பிள்ளையும், பேத்தி பிரகதீஸ்வரியும் சௌக்கியம். பொலோனியாவில் நீயும் சௌக்கியம் என்றே வைத்துக்கொள்கிறேன். வீடியோவில் பேசும்போது நீ போனை நெற்றிக்கு நேராகப் பிடிப்பதால், உன் நெற்றி சௌக்கியம் என்பது மட்டும்தான் எங்களுக்கு உறுதியாகத் தெரியும்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். பிரகதியின் காதுகுத்துப் பேச்சை எடுத்தாலே, "அப்பா, சிக்னல் விட்டு விட்டு வருது" என்கிறாய். முந்திரி வியாபாரத்தில் எத்தனை பேருக்குச் சிக்னல் விட்டு விட்டு வந்ததைப் பார்த்தவன் நான். காகிதத்தில் அந்த வசதி உனக்குக் கிடையாது. காவ்யா இதைப் படம் பிடித்து அனுப்புவாள். உட்கார்ந்து முழுக்கப் படி.

விஷயம் என்னவென்றால், நீ இருக்கிற இத்தாலியின் கடை ஒன்று நம்ம ஊருக்கு வந்திருக்கிறது. சிரிக்காதே. புதுக்கோட்டை ரோட்டில் நாம் லாரி எடை போடுகிற மேடை இருக்கிறதே, அதற்குப் பின்னால் முன்னே பம்புசெட் ரிப்பேர் பார்த்த அறை, அங்கேதான். போன மாதம் முந்திரி லோடை எடை போட நிறுத்தியபோது ரொட்டி வேகிற வாசனை வந்தது. டிரைவர், பரோட்டாக் கடையாக இருக்கும் என்றான். பரோட்டா வாசனையா, வேறு வாசனையா என்று கண்டுபிடிக்க எனக்கு டிரைவர் தேவையில்லை. இறங்கிப் போனேன். உள்ளே காளவாய் மாதிரி ஒரு செங்கல் அடுப்பு, அதற்கு முன்னால் வெள்ளைத் துணியை இடுப்பில் கட்டிக்கொண்டு என் வயசில் ஒருத்தர் தக்காளி நறுக்கிக்கொண்டிருக்கிறார். உட்கார ஒரு ஸ்டூல்கூட இல்லை.

"என்ன இருக்கு?"

"பனீனோ. இத்தாலி சாண்ட்விச்சு."

"வேற?"

"வேற இல்ல."

"சாஸாவது இருக்குல்ல?"

மனுசன் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். "அண்ணே, சாஸ் வேணும்னா பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நெறைய பேக்கரி இருக்கு. அங்கிட்டுப் போங்க."

வேறு ஆளாக இருந்தால் திரும்பிப் பார்க்காமல் வந்திருப்பேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நானும் உன் அம்மாவும் அங்கே வந்திருந்தபோது நீ கூட்டிப்போன அந்த முட்டுச்சந்துக் கடை ஞாபகம் இருக்கிறதா? அந்தக் கடைக்காரம்மாவிடம் சாஸ் கேள் என்று உன்னிடம் சொன்னேன். நீ என்ன சொன்னாய்? "இத நான் சொல்ல மாட்டேன்ப்பா, நாளைக்கும் நான் இங்க சாப்பிடணும்." வெளியே பனி, சன்னல் கண்ணாடியெல்லாம் வேர்த்திருந்தது. மூன்று பேரும் பலகையில் கையை ஊன்றி நின்றோம். விருந்தாளியை நிக்க வச்சா சோறு போடுவாக என்று நான் கத்த, உன் அம்மா பைக்குள்ளேயே எலுமிச்சை ஊறுகாய்ப் பாட்டிலைத் திறந்து விரலால் எடுத்து ரொட்டிக்குள் தடவ, அந்தக் கடைக்காரம்மா வாசனை பிடித்து எட்டிப் பார்க்க, நீ தலையைக் கோட்டுக்குள் இழுத்துக்கொண்டாய். நான் ஒதுக்கிவைத்த தக்காளியை எல்லாம் நீதான் எடுத்துத் தின்றாய். இருந்த நாள் பூராவும் எப்போது ஊருக்குப் போவோம் என்று நச்சரித்தவன் நான். நீ காட்டிய கோபுரம், மாதாகோயில் எதுவும் இப்போது கண்ணுக்குள் வரவில்லை. அந்தப் பலகையின் சில்லிப்பு மட்டும் முழங்கையில் இருக்கிறது.

சரி, கதைக்கு வருகிறேன். ஒன்று வாங்கிக் கடித்தேன். மேலே மொறுமொறுப்பு, உள்ளே பஞ்சு. எருமைப்பாலில் அவரே திரித்த சீஸ், மொட்டைமாடியில் வத்தல் போலக் காயவைத்த தக்காளி, நடுவில் பச்சையாக ஒரு சட்னி. அது வேறொன்றுமில்லை, நம்ம திருநீற்றுப் பச்சிலை. அதே ருசிடா. ஆனால் இரண்டாவது கடியில் நாக்கு நின்றது.

"இதுல முந்திரி அரைச்சிருக்கீங்க. அதுவும் போன வருசப் பருப்பு."

அவர் முகம் தொங்கிப் போனது. "கண்டுபுடிச்சிட்டீங்களே! அங்க பைன் மரத்துக் கொட்டை போடுவாக. இங்க கெடைக்கல. என் கடையில அது ஒண்ணுதாண்ணே கலப்படம்."

ஆலங்குடி மண்ணில் நின்றுகொண்டு முந்திரிப் பருப்பைக் கலப்படம் என்று சொன்ன முதல் ஆள் அவர்தான். சண்டை பிடித்திருக்க வேண்டும். வாய் நிறைய இருந்ததால் முடியவில்லை. சாயங்காலம் புதுப் பருப்பு கொடுத்தனுப்பினேன்.

பெயர் செபமாலை. சொந்த ஊர் இலுப்பூர்ப் பக்கம். உங்கள் ஊருக்கு அடுத்த மோதெனாவில் ஒரு சாண்ட்விச் கடையில் பாதி ஆயுசைக் கழித்துவிட்டு வந்திருக்கிறார். உடம்பு வந்துவிட்டது, மனசு இன்னும் பிளேன் ஏறவில்லை. மத்தியானம் வியாபாரம் சூடு பிடிக்கிற நேரத்தில் கதவைச் சாத்திவிட்டுத் தூங்குகிறார், அங்கே அப்படித்தானாம். டீக்கடையில் பாலும் வேண்டாம், தண்ணீரும் குறைவாக, ஒரு மடக்கு காபி மட்டும் என்று கேட்டுக் கேட்டு, அவருக்கு வயிற்றில் ஏதோ பெரிய வியாதி என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. நானும் அவரும் சேர்ந்தால் பொலோனியா மழையைப் பற்றித்தான் பேச்சு. எடைமேடைக்காரர் எங்களை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்.

அப்போதுதான் எனக்கு யோசனை வந்தது. "இங்க இருக்கிற மாதிரி அங்க என்னப்பா கெடைக்கும்?" என்று கேட்பாயே, இதோ கிடைக்கிறது. காதுகுத்துக்கு நீ வரும்போது விருந்திலேயே இதைப் போட்டு உன்னை அசத்துவது என்று தீர்மானித்தேன். நாள் குறிக்கப் பங்காளிகள் நம்ம வீட்டில் கூடிய அன்று வெள்ளோட்டம் விட்டேன்.

செபமாலை தலைதலையாய் அடித்துக்கொண்டார். "அண்ணே, இது நின்னு திங்கிற பண்டம். கையில குடுங்க, போதும்." பங்காளிகளை நிற்க வைத்து ஊட்டினால் என் மானம் என்ன ஆவது? பாய் விரித்து, இலை போட்டு, தண்ணீர் தெளித்து, ஆளுக்கு ஒன்று வைத்துவிட்டேன். யாரும் தொடவில்லை. இலையைப் பார்க்கிறார்கள், அடுப்படியைப் பார்க்கிறார்கள். கடைசியில் உன் வீரய்யா சித்தப்பா வாயைத் திறந்தார்.

"ஏண்ணே, பன்னு வச்சாச்சு. சோறு எப்ப வரும்?"

"இதாண்டா சோறு. தின்னு."

"இதா? கொழம்பு எதுல ஊத்துவாக?"

உன் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. வத்தக்குழம்புச் சட்டியோடு வந்தாள். சித்தப்பா அந்தப் பனீனோவைப் பிய்த்து, நடுவில் குழி பண்ணி, குழம்பை வாங்கி, பிசைந்தார். பந்தி முழுக்கப் பிசைந்தது. பார்த்துக்கொண்டு நின்ற செபமாலை இடுப்புத் துணியை அவிழ்த்துவிட்டு வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். "இதப் பாக்கவாண்ணே நான் கப்பல் மாதிரி அடுப்பு கட்டுனேன்?" அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து சித்தப்பா குரல்: "யோவ் இத்தாலி, இன்னொண்ணு வையி. கொழம்புக்கு நல்லாத்தான் சேருது!"

சிரிப்பு அடங்கியதும் அதே சித்தப்பா, "கவியரசன் வரலைன்னா என்ன, நம்ம ஒண்ணுவிட்ட மாமன் மடியில உக்கார வச்சுக் குத்திரலாமே" என்றார். காவ்யா எழுந்து உள்ளே போய்விட்டாள். உன் மடிக்காகத்தான் இரண்டு தடவை நாளைத் தள்ளிவைத்தோம். பிரகதி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டாள். மற்ற பிள்ளைகள் தோடு போட்டிருக்கிறார்கள் என்று காவ்யாவின் ஒட்டுப்பொட்டை எடுத்து இரண்டு காதிலும் ஒட்டிக்கொண்டு போகிறாள். யாராவது கேட்டால், "மாமா வந்தாத்தான் நெசத் தோடு" என்கிறாளாம்.

ஆகையால் தை மாதம் நீ வந்தே தீர வேண்டும். வேலை மாறினேன், இங்கே தங்குவதற்கான கார்டு வர வேண்டியிருக்கிறது, வந்ததும் கிளம்புகிறேன் என்று போன வருஷமும் சொன்னாய், இந்த வருஷமும் சொல்கிறாய். அதற்குள் ரேஷன் கார்டே வந்துவிடும். சாக்குச் சொல்கிறவனிடம் நான் சரக்கு வாங்குவதில்லை, மகனிடம் மட்டும் வாங்குவேனா? டிக்கெட் போட்டுவிட்டுப் பேசு.

குலசாமி உன் கூடவே நிற்கட்டும். பனியில் காதை மூடிக்கொண்டு போ. வேளைக்குச் சாப்பிடு. அம்மா கேட்டதாகச் சொல்லச் சொன்னாள், கேட்டது என்ன என்று சொல்லவில்லை.

இப்படிக்கு,
அப்பா

பி.கு.: இத்தாலி விஷயத்தில் தப்பு இருந்தால் திருத்தட்டும் என்று இந்தக் கடிதத்தைச் செபமாலையிடம் வாசித்துக் காட்டினேன். பந்தி வரைக்கும் விழுந்து விழுந்து சிரித்தார். கார்டு பற்றி வாசித்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

"அண்ணே, கார்டு வரணும்னு நானும் வருசக்கணக்கா வீட்டுக்குச் சொன்னேன். எங்கிட்ட கார்டே இல்ல. வேல போனா அதுவும் போயிரும். அது இல்லாம ஊருக்கு வந்தா திரும்ப உள்ள விட மாட்டாக. எம் மக கல்யாணத்த போன்லதான் பாத்தேன். இந்தக் காயிதத்த இப்படியே அனுப்பாதீங்க."

உன் நிலைமை அதுதானா என்று நான் கேட்கவில்லை. நீயும் சொல்ல வேண்டாம். வரச்சொல்லி மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள். தை மாதம் நீ வராதே. நாங்கள் வருகிறோம். பிரகதிக்குப் பாஸ்போர்ட் எடுக்கக் காவ்யா இன்றைக்கே புதுக்கோட்டை போயிருக்கிறாள். ஆசாரியைப் பிளேனில் ஏற்ற முடியாது, அதனால் காது குத்துகிற ஆளை அங்கேயே பார்த்து வை. மடி உன்னுடையது. தோப்புக்காரன் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வர முடியவில்லை என்றால் நான்தானே இத்தனை காலமும் வண்டி கட்டிக்கொண்டு தோப்புக்குப் போயிருக்கிறேன்.

எங்கே வந்து இறங்க வேண்டும் என்று மட்டும் எழுது. பழைய விலாசம் வேண்டாம். இன்றைக்கு ராத்திரி நீ படுக்கப்போகிற இடத்தின் விலாசம்.