தாழ்ப்பாள் வைத்த சோலார் பேனல்

ஒரு காட்டில், விளக்கே இல்லாததால் விளக்கு வைக்கும் நேரம் என்று ஒன்றே இல்லாத ஒரு காட்டில், இருட்டிய பிறகு ஒரு சத்தம் கேட்டது.

க்ரீ...ச். டொக்.

பெர்னதெத் என்ற முள்ளம்பன்றி தன் குட்டியை இழுத்து வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். தெரிந்த சத்தம்தான். அவள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து காற்றடித்தால் வீட்டுக் கதவு அப்படித்தான் முனகும். ஆனால் இப்போது சத்தம் வாசலிலிருந்து வரவில்லை. கூரையிலிருந்து வந்தது. வாசலில் கதவே இல்லை. ஒரு கோணி தொங்கிக்கொண்டிருந்தது.

இது எப்படி ஆயிற்று என்றால், பெர்னதெத் காட்டுக் கான்வென்ட்டில் படித்தவள். அங்கே கொக்கு சிஸ்டர்கள் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு ஒழுக்கம் சொல்லிக்கொடுப்பார்கள். முள்ளைச் சிலிர்ப்பது அநாகரிகம். பேசுகிறவரை இடைமறிப்பது பாவம். யாராவது கதவைத் தட்டினால் 'கம் இன்' என்று இனிமையாகச் சொல்ல வேண்டும். மூன்றிலும் பெர்னதெத் பரிசு வாங்கியிருக்கிறாள். இன்றைக்கும் முள்ளையெல்லாம் எண்ணெய் வைத்துப் படிய வாரி, ரெட்டைச் சடை போட்டு, ரிப்பன் கட்டிக்கொண்டுதான் கிழங்கு உரிப்பாள்.

வீட்டுக்காரருக்கு ஆற்றுக்கு அக்கரையில் கிழங்குக் கம்பெனியில் வேலை. எப்போதாவது வருவார். குட்டி லூர்துக்கு முள் இன்னும் முற்றவில்லை. தொட்டுப் பார்த்தால் தேங்காய் நார் மாதிரி இருக்கும். இருட்டைக் கண்டால் ஓவென்று அழுவான்.

ஒருநாள் காலையில் யாரோ கதவைத் தட்டினார்கள்.

"கம் இன்," என்றாள் பெர்னதெத்.

டை கட்டிய நரி ஒன்று உள்ளே வந்தது. "குட் மார்னிங், சிஸ்டர். என் பேரு குணசீலன். சிங்கராஜா சூரிய ஒளித் திட்டத்துல இருந்து வர்றேன். நான் எதையும் விக்க வரலை."

"அப்பாடா! உக்காருங்க சார், டீ போடறேன்."

"காட்டுலேயே ரெண்டு வீட்டைத்தான் செலக்ட் பண்ணியிருக்காங்க. ஒண்ணு நீங்க. இன்னொண்ணு பக்கத்து வீட்டுப் பெருச்சாளி, கனகாம்பரம் அக்கா. அவங்க நேத்தே கையெழுத்துப் போட்டாச்சு."

"எவ்வளவு சார் ஆகும்?"

"முழுக்க ஃப்ரீ. மாசாமாசம் ஒரு கூடை கிழங்கு குடுத்தாப் போதும்."

"அப்ப ஃப்ரீ இல்லையே?"

"கூடை ஃப்ரீ, சிஸ்டர்."

"எங்க வீடு ஆலமரத்தடி. மேல வெயிலே படாதே?"

"நிழல்லயும் இழுக்கும். ஜெர்மன் டெக்னாலஜி. இருபத்தஞ்சு வருஷம் உழைக்கும்."

"எதுக்கும் அவர் வந்ததும் ஒரு வார்த்தை..."

"தாராளமா கேளுங்க. ஆனா இந்த ஆஃபர், நான் இந்த டீயைக் குடிச்சு முடிக்கிற வரைக்கும்தான்."

பெர்னதெத் டம்ளரை எட்டிப் பார்த்தாள். ஒரே ஒரு மடக்கு பாக்கி. அவசரமாக இன்னும் கொஞ்சம் டீ ஊற்றினாள். நரி அதையும் ஒரே மூச்சில் குடித்தது. அவள் கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

உடனே நான்கு குரங்குகள் வந்து கதவைக் கழற்றின. "ஒயர் உள்ள போகணும்ல? நாளைக்கே மாட்டிடுவோம்," என்றது நரி. சாயங்காலம் அதே குரங்குகள் நீல நிறத்தில் பளபளவென்று ஒரு பேனலைத் தூக்கி வந்தன.

"சார், பேனல்ல தாழ்ப்பாள் மாதிரி ஏதோ இருக்கே?"

"அதுதான் இன்வெர்ட்டர்."

"கீழே பல் தடம் இருக்கு. எங்க லூர்துக்குப் பல் முளைச்சப்ப கதவை இதே மாதிரிதான் கடிச்சு வச்சான்."

"காத்தோட்டத்துக்கு விட்டிருக்கோம்."

"கையில நீலம் ஒட்டுதே?"

"வெயில் உள்ள எறங்க எறங்கக் காஞ்சிடும்."

கடைசியாக நரி ஒரு கண்ணாடிப் பாட்டிலை உத்தரத்தில் தொங்கவிட்டுப் போனது. அன்றைக்கு ராத்திரி பாட்டில் ஜொலித்தது. லூர்து கைதட்டிச் சிரித்தான். மறுநாள் இருட்டியதும் பாட்டிலுக்குள்ளிருந்து இரண்டு மின்மினிகள் நெற்றியைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தன. "எங்களை டெமோவுக்கு மட்டும்தான் பேசினாங்க, மேடம். வர்றோம்."

அதற்குப் பிறகுதான், கூரைமேல், க்ரீ...ச். டொக்.

பொழுது விடிந்ததும் பெர்னதெத் பக்கத்து வீட்டுக்கு ஓடினாள். அங்கேயும் வாசலில் கோணி.

"அடிப் பாவி! நீ முதல்ல போட்டேன்னு சொன்னான்டி, அதை நம்பித்தான் நானும் போட்டேன்!" என்றாள் கனகாம்பரம்.

"நீங்க போட்டுட்டீங்கன்னுதானேக்கா என்கிட்ட சொன்னார்!"

"முதுகு பூரா முள்ளை வச்சுக்கிட்டு, அவனுக்கு டீ வேற ஊத்திக் குடுத்தியாக்கும்?"

"நீங்க என்னக்கா பண்ணினீங்க?"

கனகாம்பரம் மீசையைத் தடவினாள். "பஜ்ஜி போட்டேன்."

அந்த நேரம் பார்த்து நரியே மூச்சிரைக்க ஓடி வந்தது. டை ஒரு காதில் தொங்கியது. "சிஸ்டர்! காட்டுக்குள்ள சிறுத்தை வந்திருக்கு! கதவில்லாத வீடாப் பார்த்து நுழையுதாம், குட்டிங்களைத்தான் தூக்குதாம். உங்க வீட்டுல கதவு இருக்கா?"

"நீங்கதானே சார் கழட்டிக்கிட்டுப் போனீங்க?"

"அதனாலதான் பதறி ஓடி வர்றேன்! நம்மகிட்ட புது ஸ்கீம் இருக்கு. பேனலைக் குடுத்தா அதே சைஸ்ல கதவு தர்றோம். மேல கொஞ்சம் கிழங்கு."

"எங்க கதவை எங்களுக்கே விக்கிறியாடா, நாசமாப் போறவனே!" என்று கனகாம்பரம் பாய்ந்தாள்.

"உங்களுக்கு வேணாம்னா விடுங்கக்கா. சிஸ்டர் வாங்கிட்டாங்க."

பெர்னதெத் இன்னும் வாயே திறக்கவில்லை. ஆனால் கனகாம்பரம் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அப்படின்னா எனக்கும் ஒண்ணு மாட்டு!" என்றாள்.

மழைக்காலத்துக்கென்று புதைத்து வைத்திருந்த கிழங்கெல்லாம் பெர்னதெத் வீட்டிலிருந்து போயிற்று. குரங்குகள் பேனலை இறக்கி வாசலில் நிறுத்தின.

"இன்வெர்ட்டர் உள்பக்கமா வரட்டும்," என்றாள் பெர்னதெத். அவள் இதுவரை யாருக்கும் உத்தரவு போட்டதில்லை. குரங்குகள் அவளை ஒரு தினுசாகப் பார்த்துவிட்டு, சொன்னபடியே மாட்டின.

அன்று அந்திசாயும் நேரம். கதவு வெறுமனே சாத்தியிருந்தது. யாரோ மெதுவாகத் தட்டினார்கள்.

"கம்..." என்று ஆரம்பித்த பெர்னதெத், கதவுக்கடியில் இருந்த இடுக்கைப் பார்த்தாள். அங்கே ஒரு பாதம் தெரிந்தது. மஞ்சள் பாதம். அதில் கறுப்புப் புள்ளிகள்.

"குட் ஈவினிங், மேடம்," என்றது பாகு மாதிரி ஒரு குரல். "குணசீலன் சார் அனுப்பினார். கதவு எப்படி இருக்குன்னு ஃபீட்பேக் எடுக்கணும். ஒரே நிமிஷம். வீட்டுல யார் யார் இருக்கீங்க, குட்டி என்ன வெயிட்டு, இதைக் கேட்டுக்கிட்டு நான் பாட்டுக்குப் போயிடுவேன்."

பெர்னதெத்தின் தொண்டையில் 'இன்' நின்றது. அவள் மனசுக்குள் எல்லாக் கொக்கு சிஸ்டர்களும் ஒற்றைக் காலில் நின்று அவளையே பார்த்தார்கள். மரியாதையில் முதல் பரிசு வாங்கிய பெண் என்ன செய்யப் போகிறாள்? அவள் கையில் லூர்தின் முதுகு நார் நாராக நடுங்கியது.

"அம்மா, இருட்டா இருக்கு."

"இருக்கட்டும்டா."

ப்டக். ஒரு ரிப்பன் அறுந்தது. ப்டக். இன்னொன்று. கான்வென்ட்டில் சேர்ந்த நாளிலிருந்து படுத்தே கிடந்த முட்களெல்லாம் சலசலவென்று எழுந்து நின்று, வீடு கொள்ளாமல் விரிந்தன. பெர்னதெத் கதவிடம் போனாள்.

"மேடம், இந்த ஃபீட்பேக் குடுத்தீங்கன்னா உங்களுக்கு ஒரு ஸ்பெஷல்..." என்று சிறுத்தை பேசிக்கொண்டிருக்கும்போதே, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவரைப் பாதியில் இடைமறித்து, பெர்னதெத் இன்வெர்ட்டரை உள்பக்கமாகப் போட்டாள்.

நீதி: சோலார் பேனலைக் குறை சொல்லாதீர்கள். கூரையிலிருந்து இறக்கி, வாசலில் மாட்டி, உள்ளே தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டால், சொன்னபடியே இருபத்தைந்து வருடம் உழைக்கும்.