பாஞ்சாலைக்காக நின்ற தறிகள்

உயிர் இருந்தது ஒன்றுதான் அன்றைக்குப் பாஞ்சாலையிடம் இருந்த குறை.

இறந்திருந்தால் உடனே வேன் வந்திருக்கும். சாலம்பேட்டை டவுன் பஞ்சாயத்தில் அதற்குப் பணம் இருந்தது. உயிரோடு இருக்கும் ஏழை நோயாளியை வேலூருக்குக் கொண்டுபோகிற பணம்தான் தீர்ந்து போயிருந்தது. ஜனவரியில் சுகாதார வார விழாவுக்குப் பெரிய பந்தல் போட்டார்கள். பந்தலுக்குப் போக மிஞ்சியதில் வந்தவர்களுக்கெல்லாம் ரோஸ்மில்க் கொடுத்தார்கள்.

"இன்னிக்கு மார்ச் முப்பத்தொண்ணு சார். நாளைக்குப் புது வருஷத்துப் பணம் வந்துடும். ஒரு நாள் பொறுத்துக்கச் சொல்லுங்க" என்றார் அக்கவுண்டன்ட் சுப்பராயலு.

"யாரைப் பொறுத்துக்கச் சொல்றது, பேதியையா?" என்றார் சானிடரி இன்ஸ்பெக்டர் சிவப்பிரகாசம்.

பாஞ்சாலை பேதியில் விழுந்த செய்தியைக் கொண்டுவந்த ராஜம்மாள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். பட்டு நெசவாளர் தெருவில் பாஞ்சாலையின் அறைக்கு அடுத்த வீடு அவளுடையது. தன்னிடம் காலையிலேயே சொன்ன பதிலைத்தான் இன்ஸ்பெக்டரிடமும் சொல்கிறார்கள் என்று தெரிந்ததும் திரும்பிப் போய்விட்டாள்.

பாஞ்சாலை அந்தத் தெருக்காரி இல்லை. வெம்பாக்கம் பக்கத்திலிருந்து சின்ன வயதில் விதவையாக வந்தவள். தறியில் நீளவாக்கில் ஓடும் பழைய பாவு முடிகிறபோது அதன் ஒவ்வொரு இழையோடும் புதுப் பாவின் இழையைப் பிணைத்துக் கொடுப்பது அவள் வேலை. அவள் கை படாத தறி அந்தத் தெருவில் கிடையாது, அவளுக்கென்று ஒரு வீடும் கிடையாது. முதலாளி தசரதனின் தறிக்கூடத்துக்குப் பின்னால் ஓர் அறையில் இருந்தாள்.

அந்தத் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. தெருவில் ஒருவர் செத்தால், பிணம் தெருவைத் தாண்டுகிற வரை எந்தத் தறியும் ஓடாது. வந்தேறிகளுக்கு அந்த மரியாதை இல்லை. "நான் செத்தா எந்தத் தறிங்க நிக்கும்" என்று பாஞ்சாலை சிரித்துக்கொண்டே சிவப்பிரகாசத்திடம் ஒரு தடவை கேட்டிருக்கிறாள். கிணற்றுக்கு பிளீச்சிங் பவுடர் போட வந்த மனிதர் பவுடரைக் கரைக்கத் தொடங்கிவிட்டார்.

ஊர் டிஸ்பென்சரியில் சலைன் பாட்டில் இல்லை. டிசம்பரில் கேட்டு எழுதியது இன்னும் வந்தபாடில்லை. சாயங்காலத்துக்குள் வேலூர் பெரிய ஆஸ்பத்திரியில் சலைன் ஏற்றினால் பிழைத்துக்கொள்வாள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பஸ்ஸில் ஏற்றமாட்டார்கள். ஆரணி டாக்சிக்காரன் பேதி என்ற சொல்லைக் கேட்டதும் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விட்டான். மாதக் கடைசியில் சிவப்பிரகாசத்தின் பையில் இருந்தது பஸ் சார்ஜுக்குக்கூடப் போதாது. வேன் வைத்திருக்கும் சடையனோ ஆபீஸ் சீட்டு இல்லாமல் சாவியைத் தொடமாட்டான். அவனுடைய அனுபவம் அப்படி.

சுப்பராயலு கெட்டவர் இல்லை. கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்துவிட்டு, அநாதைப் பிரேதக் கணக்கில் பணம் அப்படியே கிடக்கிறது, சாயந்திரத்துக்குள் செலவாகாவிட்டால் திரும்பப் போய்விடும் என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார். வேன் வாடகையை அதில் எழுதிக்கொள்ளலாமாம். காகிதத்தில் பிரேதம், வண்டியில் பாஞ்சாலை. யார் போய்ப் பார்க்கப்போகிறார்கள்?

சிவப்பிரகாசம் பிள்ளைகுட்டிக்காரர். பொய்க் கணக்கு வெளியே தெரிந்தால் வேலை போய்விடும். இருந்தாலும் கையெழுத்துப் போட்டார். சடையனை வரச் சொல்லி ஆள் அனுப்பிவிட்டு நிமிர்ந்தபோது தெருவில் தமுக்குச் சத்தம் கேட்டது.

அநாதைப் பிரேதம் என்றால் சொந்தக்காரர் யாராவது உண்டா என்று தமுக்கு அடித்துக் கேட்க வேண்டும் என்பது விதி. வருஷம் முழுக்க ஒரு விதியையும் மதிக்காத பியூன் அன்றைக்கு இதை மதித்தான். சீட்டைப் பார்த்தவுடன் தமுக்கை எடுத்துக்கொண்டு போய், பாஞ்சாலை செத்துவிட்டாள் என்று தெருத்தெருவாகச் சொல்லிவிட்டான்.

சிவப்பிரகாசம் சைக்கிளை மிதித்துக்கொண்டு நெசவாளர் தெருவுக்குள் நுழைந்தபோது முதலில் தசரதனின் தறி நின்றது. பிறகு எதிர்வீட்டுத் தறி. அப்புறம் கடைசி வரை ஒவ்வொன்றாக நின்றது. பகல் வேளையில் அந்தத் தெரு அவ்வளவு அமைதியாக இருந்து அவர் பார்த்ததில்லை. பாஞ்சாலைக்காகவா நிறுத்துகிறார்கள் என்று சைக்கிளை விட்டு இறங்கி நின்றுவிட்டார். அடுத்த நிமிஷமே, பார்க்க வருகிறவர்களுக்கு அவள் உயிரோடு இருப்பது தெரிந்துவிடுமே என்று பயம் பிடித்துக்கொண்டது.

அறைக்கு ஓடி வாசலை மறித்து உட்கார்ந்துகொண்டார். தொத்து வியாதி, யாரும் கிட்டே வரக்கூடாது, வேன் வந்ததும் கவர்மென்டே வேலூர் ஆஸ்பத்திரிச் சவக்கிடங்குக்கு எடுத்துப் போகும் என்றார். ஜனங்கள் ஒதுங்கி நின்றார்கள், ஆனால் போகவில்லை. ராஜம்மாள் மட்டும் மஞ்சளும் பூவுமாக அவரைத் தாண்டி உள்ளே போய், குனிந்து பாஞ்சாலையின் முகத்தோடு முகம் வைத்து அழுதாள். எல்லாம் முடிந்தது என்று அவர் நினைத்தார். ஆனால் அவள் எழுந்து, மூக்கைச் சிந்தியபடி வாசல் பக்கத்தில் உட்கார்ந்து ஒப்பாரியைத் தொடங்கினாள். அழுகிற கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று அவர் மூச்சு விட்டார்.

அப்போது உள்ளேயிருந்து மெல்ல ஒரு குரல் வந்தது. "தண்ணி..."

சிவப்பிரகாசம் பலமாக இருமினார். நல்லவேளையாக ராஜம்மாளும் அதே நேரத்தில் குரலை உயர்த்தினாள். மறுபடி "தண்ணி" என்றபோது மறுபடியும் இருமினார். ராஜம்மாள் இன்னும் உரக்க அழுதாள். உள்ளே போய் ஒரு வாய் தண்ணீர் கொடுக்க அவருக்குக் கை துடித்தது. அத்தனை பேர் பார்க்கப் பிணத்துக்கு எப்படித் தண்ணீர் கொடுப்பது? வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். அதைவிடக் கேவலமான காரியம் ஒன்றைத் தன் வாழ்நாளில் செய்ததில்லை என்று அவருக்குத் தோன்றியது.

சடையன் வேனோடு வந்து சேர்ந்தான். அவன் காதில் விஷயத்தைச் சொன்னதும் அவன் முகம் மாறவேயில்லை. சீட்டு இருக்கிறதா என்று மட்டும் கேட்டான். இருவரும் பாஞ்சாலையைப் போர்வையில் சுற்றித் தூக்கினார்கள். "கொஞ்ச நேரம் அசையாத பாஞ்சாலை" என்று சிவப்பிரகாசம் போர்வைக்குள் கிசுகிசுத்தார். அவள் சொன்ன பேச்சைக் கேட்கிறவள், அசையவில்லை.

கிளம்பலாம் என்றபோது முதலாளி தசரதன் வேனுக்கு முன்னால் வந்து நின்றார்.

"மேளம் வரணும் சார்" என்றார். "முள்ளிப்பட்டுக்கு ஆள் அனுப்பிக்கீது."

சிவப்பிரகாசம் தொத்து என்றார், சட்டம் என்றார், மேலதிகாரி என்றார். கடைசியில் கையெடுத்துக் கும்பிட்டார். தசரதன் அசைந்து கொடுக்கவில்லை. அவர் அவசரப்படுத்த அவசரப்படுத்த, தெருக்காரர்கள் இன்னும் ஒரு சடங்கைக் கூட்டினார்கள். யாரோ மாலை வாங்கப் போனார்கள். மாலை சின்னது என்று வேறொருவர் போனார். வேனுக்குள் இருப்பவள் உயிரோடு இருக்கிறாள் என்று கத்திவிடலாம் என்று அவருக்கு வாய்வரை வந்தது. கத்தினால் சீட்டு செல்லாது, சடையன் இறக்கி வைத்துவிட்டுப் போய்விடுவான். வாயை மூடிக்கொண்டார்.

மேளக்காரர்கள் வந்து சேர்ந்தபோது வெயில் இறங்கியிருந்தது. வேன் நடை வேகத்தில் தெருவைக் கடந்தது. முன்னால் மேளம், பின்னால் மொத்தத் தெருவும். பூவை வாரி இறைத்தார்கள். வேலூர் ரோட்டுக்கு வந்ததும் சடையன் வண்டியை விரட்டினான். சிவப்பிரகாசம் போர்வையை விலக்கித் தண்ணீர் கொடுத்தார். பாதி கழுத்தில் வழிந்தது.

"யாருக்குங்க தறிய நிறுத்துனாங்க?" என்று கேட்டாள் பாஞ்சாலை.

அவருக்குப் பொய் சொல்லத் தோன்றவில்லை. "உனக்குத்தான்."

"மொதலாளி தறி கூடவா?"

"அவரு தறிதான் மொதல்ல நின்னுது."

அவள் கண்ணை மூடி அதை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. "அப்ப ஜல்தி ஒண்ணும் இல்லீங்க" என்றாள். "மெள்ளவே போவட்டும்."

ஆஸ்பத்திரியில் சலைன் ஏற்றினார்கள். விடிகாலையில் பாஞ்சாலை போய்விட்டாள். இன்னும் கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் என்று டாக்டர் சொல்ல ஆரம்பித்ததை சிவப்பிரகாசம் முழுக்கக் கேட்கவில்லை. அது அவருக்கே தெரிந்த கணக்கு, மேளக்காரர்களுக்குக் காத்திருந்த நேரம்.

ஆபீஸ் திறந்ததும் சுப்பராயலுவுக்கு போன் செய்தார். பிணத்தை ஊருக்குக் கொண்டுவர வண்டிப் பணம் வேண்டும், இப்போது நிஜமாகவே பிரேதம் என்றார். சுப்பராயலு கணக்குப் புத்தகத்தைப் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"பிரேதக் கணக்கு நேத்தோட காலி சார். புது உத்தரவு வர ஒரு மாசம் ஆகும். நோயாளிக் கணக்குல இன்னிக்குப் பணம் வந்துடுச்சு" என்றார். "நோயாளின்னே எழுதிக்குங்க."

உயிரோடு பிரேதமாகப் போன பாஞ்சாலை, செத்து ஏழை நோயாளியாக ஊர் திரும்பினாள்.

வேன் தெருவுக்குள் நுழைந்தபோது எல்லாத் தறிகளும் ஓடிக்கொண்டிருந்தன. நேற்று கெட்ட பொழுதையும் சேர்த்துப் பிடிக்கிற வேகம். வேனைப் பார்த்ததும் தசரதனும் ராஜம்மாளும் விறுவிறுவென்று வந்தார்கள். செத்தவளை வழியனுப்பிவிட்டு வந்த முகமாக அது இல்லை. வேனுக்குள் எட்டி எட்டிப் பார்த்தார்கள்.

"தறிய நிறுத்தச் சொல்லுங்க" என்றார் சிவப்பிரகாசம்.

தசரதன் அவரையே பார்த்தார். "அதான் நேத்தே நிறுத்தியாச்சே சார்" என்றார் ஜாக்கிரதையாக.

அதற்கு மேல் சிவப்பிரகாசத்தால் தாங்க முடியவில்லை. வேலை போனால் போகட்டும் என்று இருந்தது. நேற்று அவள் சாகவில்லை, உயிரோடுதான் இருந்தாள், வண்டிக்காக நான்தான் பொய் எழுதினேன், இருமி இருமி உங்களை எல்லாம் ஏமாற்றினேன், இன்று விடிகாலைதான் செத்தாள் என்று நடுத்தெருவில் நின்று சொல்லி அழுதார். இப்போது நிறுத்துங்கள், இதுதான் நிஜம் என்றார்.

தசரதன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பக்கத்து வீட்டில் ஒரு தறி நின்றது.

ராஜம்மாள் வேனின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அவ தண்ணி கேட்டது எங்களுக்கும் கேட்டுச்சி சார். அவ உசுரோட கீறது ஒங்களுக்குத் தெரிஞ்சா வண்டியத் திருப்பி அனுப்பிடுவீங்கன்னுதான் அந்த மேளமே வச்சோம்."