என் உடம்பால் ஆடிய ஆம்ப்ளிஃபயர்

கருவடிக்குப்பம்,
புதுச்சேரி.

அன்புள்ள மைத்துனன் செல்வகுமாருக்கு,

மாமா ஆதிமூலம் எழுதுவது. நீயும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். நான் சுகமாக இல்லை, காரணம் நீ. “ஹேமாவுக்கு எலக்ட்ரானிக்ஸ்தான் சரியா வரும்” என்று சொன்னவன் நீதானே?

உன் அக்கா மகள் கடைசி வருஷப் படிப்புக்காக ஒரு கருவி செய்கிறாள். உடம்புக்குள் நமக்கே தெரியாத அளவு மின்சாரத்தை விட்டு, உடம்பு அதை எவ்வளவு தடுக்கிறது என்று அளக்குமாம். தடை குறைந்தால் உடம்பில் நீர் அதிகமாம். ஊரில் எத்தனையோ உடம்பு இருக்க, மில்லில் தேய்ந்த என் உடம்புதான் கிடைத்தது. கையிலும் காலிலும் பட்டை ஒட்டினாள். பிய்த்தால் முடியோடு வருகிறது. அதையும் பொறுத்தேன். ஆனால் திரையில் கோடு தாறுமாறாகக் கிறுக்கியது. “சின்ன சிக்னலைப் பெருசாக்குற ஆம்ப்ளிஃபயர் ஆடுதுப்பா” என்றாள். “நான் அசையாமத்தானே உக்காந்திருக்கேன்?” என்றேன். “வெறும் ரெசிஸ்டர்ல மாட்டுனா நேரா நிக்குது. உம்மேல மாட்டுனாத்தான் ஆடுது” என்கிறாள்! மின்சாரத்தைத் தடுக்கக் கடையில் வாங்கிய துளியூண்டு ரெசிஸ்டர் யோக்கியன், பெற்ற தகப்பன் அயோக்கியன்! வீட்டு மின்சாரம் குறுக்கே வருகிறதோ என்று ஃபேனை நிறுத்தினாள், ஃபிரிட்ஜை நிறுத்தினாள், மீன் கெட்டுப்போச்சுன்னு உங்கக்கா எம்மேல பாயறா. இதுக்கு நடுவுல ஹேமாவோட காலேஜ் வாத்தியார் இராமதாஸ் வீட்டுக்கே வந்தாரு. எங்க காப்பியைக் குடிச்சிக்கிட்டே, “நீள ஒயரும் அப்பா உடம்பும் ஆம்ப்ளிஃபயருக்குச் சுமையா இருக்கும்மா. ஒயரைக் குறை, ஆம்ப்ளிஃபயர்லேருந்து ஒயர் வெளிய வர்ற எடத்துல ஒரு சின்ன ரெசிஸ்டர் போடு” என்கிறார். என் வீட்டிலேயே நான் சுமை!

அப்படியே செய்தாள். கோடு நேராக நின்றது. விட்டாளா? “தடை ரொம்பக் கம்மியா இருக்குப்பா. காலும் வீங்கியிருக்கு. கோரிமேடு ஆஸ்பத்திரிக்குப் போலாம் வா” என்று அழுகிறாள். நேற்றுவரை ஆடிய மிஷின் பேச்சைக் கேட்டு நான் ஏன் போக வேண்டும்? நீ உடனே போன் போட்டு அவளைக் கண்டித்து வை.

உன் குடும்பத்துக்கு எந்தக் குறையும் வராமல் அந்த மாரியம்மா பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
கோபத்துடன்,
மாமா ஆதிமூலம்

பி.கு.: போன் போட வேண்டாம். இதைத் தபாலில் சேர்ப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது. ஹேமாதான் ஆட்டோ பிடித்துக் கோரிமேட்டுக்குக் கொண்டுவந்தாள். டாக்டர் என் காலை அமுக்கிப் பார்த்து, “இன்னும் தள்ளிப்போட்டிருந்தா நெஞ்சு பூரா தண்ணி ஏறியிருக்கும்” என்றார். இப்போது மருந்தில் வீக்கம் வடிகிறது. அவள் ஒரு சொல்கூடக் குத்திக்காட்டவில்லை. “எம்பொண்ணு செஞ்ச மிஷினுதான் கண்டுபுடிச்சிச்சி” என்று வார்டு முழுக்கச் சொல்லிவிட்டேன். சத்தம் போடாமல் படுக்கச் சொல்லி நர்ஸம்மா அதட்டிக்கொண்டே இருக்கிறார்.