அன்னக்கொடியின் பத்தாயிரம் செல்கள்

முனைவர் முத்துப்பிரியா போடி பக்கம் சிலமலைக்காரர். புற்றுநோய்க் கட்டியில் உள்ள செல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்து, மருந்துக்கு அடங்காத செல் எது என்று கண்டுபிடிப்பது அவர் தொழில். பன்னிரண்டு வருஷம் வெளிநாட்டில் அதைச் செய்துவிட்டுப் போடிக்கே திரும்பி வந்தார். யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

போடிமெட்டு ஏலத்தோட்டத்தில் வேலை பார்க்கும் அன்னக்கொடிக்கு மார்பில் கட்டி. அறுத்தெடுத்ததும், "ஒரு துண்டு எடுத்துக்க ஆத்தா" என்று அவளே சொன்னாள். துண்டை ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு உயிர்மாதிரி அனுமதி அலுவலகத்துக்கு ஓடினார் முத்துப்பிரியா.

கண்காணிப்பாளர் கன்னையன் விண்ணப்பத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"ஒற்றைச் செல் ஆராய்ச்சின்னு போட்டிருக்கீங்க. எத்தனை செல்லும்மா?"

"பத்தாயிரம் சார்."

"ஒத்தைன்னா ஒண்ணுதானே?"

"ஒவ்வொண்ணாப் பாப்போம் சார்."

"அப்ப ஒவ்வொண்ணுக்கும் ஒரு விண்ணப்பம். நல்ல செல்லா, கேன்சர் செல்லான்னும் குறிப்பிடணும்."

"அதைக் கண்டுபிடிக்கத்தான் சார் அனுமதியே கேக்குறேன்."

"யாரு எவருன்னு தெரியாம எப்படிம்மா அனுமதிக்கிறது?"

பத்தாயிரம் விண்ணப்பங்கள் ஜீப்பில் வந்து இறங்கின. அவற்றுக்கு எண் போட்டு முடிப்பதற்குள் செல்கள் செத்துப்போயின. கன்னையன் வருந்தினார். ஆனாலும் கோப்பை முடிக்க இறப்புச் சான்றிதழ் வேண்டுமே? முத்துப்பிரியா கடுப்பில் எழுதிக் கொடுத்தார். 'மாதிரியின் பெயர்' என்ற இடத்தில் அன்னக்கொடி என்று இருந்ததால், சான்றிதழும் அதே பெயரில் வந்தது.

மறுவாரம் அன்னக்கொடி முத்துப்பிரியாவையும் கூட்டிக்கொண்டு அலுவலகத்துக்கே வந்துவிட்டாள்.

"அய்யா, நான் செத்துட்டேன்னு ரேஷன் கடையில சொல்றாக."

"ஆழ்ந்த அனுதாபங்கள்" என்றார் கன்னையன், சான்றிதழைச் சரிபார்த்துவிட்டு.

"அக்குள்ல இன்னொரு கட்டி இருக்காம். நாளைக்கு எடுக்கிறாக. அதையாவது இந்தப் புள்ள பாக்கட்டும்யா."

கன்னையன் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். முகம் மலர்ந்தது.

"இறந்தவர் மாதிரிக்கு விண்ணப்பமே வேண்டாம்மா! விதி ஏழு." அங்கேயே முத்திரை குத்தினார்.

இந்த முறை செல்கள் பிழைத்தன. அடங்காத செல் அகப்பட்டது, மருந்தை மாற்றினார்கள், அன்னக்கொடி தேறி மலையேறினாள். மலையில் சும்மா இருப்பாளா?

திங்கட்கிழமை முத்துப்பிரியாவின் ஆய்வக வாசலில், எஸ்டேட் ஜீப்பில் கட்டியுள்ள பதினேழு பெண்கள் வந்து இறங்கினார்கள். முன்னால் நின்ற மொக்கம்மாள் கும்பிட்டாள்.

"எங்களையும் வெரசா சாகடிச்சு விடு ஆத்தா. செத்தாத்தான் சோலி நடக்குதாமே?"

முத்துப்பிரியா ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு பேனாவை எடுத்து, பதினேழு பேருக்கும் அன்றைய தேதியையே இறந்த தேதியாக எழுதினார்.

பதினெட்டாவதாகக் கழுத்துக் கட்டியைத் தடவிக்கொண்டு நின்றவர் கன்னையன்.

"உங்களுக்கு எதுக்கு சார்? அனுமதியில நீங்களே கையெழுத்துப் போட்டுக்கலாமே?"

"உசுரோட இருந்தா லேட்டாகும்மா" என்றார் அவர்.