வாஷ்டெஸ்ட் அண்ணன் வாங்கிய அடிகள்

அடி வாங்குறதை ஒரு விஞ்ஞானமாவே ஆக்கிக் காட்டின மனுஷன் இந்த உலகத்துல ஒருத்தர்தான். அவர் திருப்பூர்ல இருந்தார். எங்க பனியன் கம்பெனியில எல்லாரும் அவரை வாஷ்டெஸ்ட்னுதான் கூப்பிடுவோம். சம்பள ரிஜிஸ்டர்ல வேற ஏதோ பேர் இருந்திருக்கணும், நான் பார்த்ததில்லை. அவர் மட்டும் இல்லைன்னா நான் இன்னிக்கு இதை எழுதிக்கிட்டு இருக்க மாட்டேன். கோவில்பட்டியில எங்க மாமாவோட பாத்திரக்கடையில குத்துவிளக்கை எடை போட்டுக்கிட்டு இருந்திருப்பேன்.

பேருக்குக் காரணம் அவர் பார்த்த வேலை. புதுசா துணி வந்ததும் அதுல ஒரு சதுரம் வெட்டி, மார்க்கர்ல கோடு போட்டு, மூணு தடவை துவைச்சுக் காயவெச்சு, எவ்வளவு சுருங்கியிருக்குன்னு ஸ்கேல் வெச்சு அளக்கணும். நூத்துக்கு அஞ்சு வரைக்கும் சுருங்கினா பாஸ். அதுக்கு மேல அரைக்கால் போனாலும் நோட்டுல ஃபெயில்னு எழுதிடுவார், யார் வந்து கெஞ்சினாலும் மாத்த மாட்டார். வயசு முப்பத்தஞ்சு இருக்கும். உடம்பு, ஹேங்கர்ல மாட்டின சட்டை மாதிரி. அதிர்ந்து ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. டீக்கடை வாசல்ல படுத்திருக்கிற நாயைக்கூட, "கொஞ்சம் தள்ளிப் படுத்துக்கிறீங்களா"ன்னுதான் கேட்பார். நான் தெக்கத்திக்காரன். எங்க பக்கம் நாய்க்கு மரியாதை கொடுத்தா நாயே சந்தேகப்படும்.

வருஷம் 2005 இருக்கும். எனக்கு அது மூணாவது கம்பெனி. முதல் ரெண்டுலயும் கவனக்குறைவுன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. இதுலயும் ஆறு மாசம் பார்த்துட்டுத்தான் நிரந்தரம்னு சொல்லியிருந்தாங்க. இங்கயும் போச்சுன்னா பஸ் ஏறி வந்து கல்லாவுல உக்காருன்னு மாமா போன்ல தெளிவா சொல்லிட்டார்.

இந்தக் கவலை தெரியாம இருக்க, ஞாயித்துக்கிழமை மத்தியானம் பிரியாணியை முடிச்ச கையோட நானும், கட்டிங் செக்சன் ரபீக்கும், சாம்பிள் டெய்லர் செல்வமும் ஒரு பிரவுசிங் சென்டர்ல போய் உக்காந்துடுவோம். நாலு கம்ப்யூட்டரை ஒயர் போட்டு இணைச்சு ஒரு விளையாட்டு வெச்சிருந்தாங்க. ராஜா காலத்துக் கதை. வாள், வில், மந்திரம், பூதம், கடைசியில மலைக்குகைக்குள்ள ஒரு டிராகன். டிராகன்கிட்டப் போகணும்னா நாலு பேர் வேணும். நாங்க மூணு பேர். ஆபீஸ் முழுக்கத் தேடிட்டு, வேற ஆளே சிக்காம, வாஷ்டெஸ்ட்டைக் கேட்டோம்.

தனக்கு யாரையும் அடிக்கத் தெரியாதுன்னார். அடிக்கவே வேண்டாம், அடி வாங்குறதுக்குன்னே இதுல ஒரு ஆள் உண்டு, அதுக்கு டேங்க்னு பேர், எதிரியை உங்க பக்கம் திருப்பி நீங்க எல்லா அடியையும் வாங்கிக்கிட்டா, பின்னால இருந்து நாங்க அதை முடிச்சிடுவோம்னு ரபீக் விளக்கினான். அண்ணன் முகத்துல நான் அதுவரைக்கும் பார்க்காத ஒரு வெளிச்சம்.

"வாங்கினா மட்டும் போதுங்களா?"

ஆளை உருவாக்க உக்காந்தோம். பலம், வேகம், அறிவு, தாங்கும் சக்தின்னு பிரிச்சுப் போட இருபது புள்ளி தருவாங்க. நாங்க எல்லாம் பலத்துல கொட்டினவங்க. அண்ணன் இருபதையும் தாங்கும் சக்தியிலேயே போட்டார். கையில வாள் வேண்டாம்னுட்டு ஒரு கேடயத்தை மட்டும் வாங்கிக்கிட்டார். பேர் என்னன்னு கேட்டதுக்கு, நான் ருத்ரன்னு வெச்சிருந்தேன், அவர் சாம்பிள்னு வெச்சார். ஒரு கோழியைக் கொல்ல அந்த சாம்பிளுக்கு ஒன்பது நிமிஷம் ஆச்சு. பார்த்துக்கிட்டிருந்த செல்வம் சிரிச்சுச் சிரிச்சு நாற்காலியில இருந்து விழுந்துட்டான்.

அடுத்து நடந்ததுதான் அதிசயம். மூணு ஞாயித்துக்கிழமை அண்ணன் எங்ககூட எங்கயுமே வரலை. முதல் ஊர் எல்லையில ஒரு காட்டுப்பன்றி நிக்கும். அது முன்னாடி போய் நின்னு அடி வாங்கிக்கிட்டே இருந்தார். பக்கத்துல நோட்டு. முதல் அடிக்கு எவ்வளவு உயிர் போச்சு, கேடயத்தைச் சாய்ச்சுப் பிடிச்சா எவ்வளவு, தோல் சட்டையில எவ்வளவு, இரும்புச் சட்டையில எவ்வளவுன்னு கோடு போட்டு எழுதிக்கிட்டே இருப்பார். என்ன அண்ணே இதுன்னு கேட்டா, துவைக்காத துணியை நம்பி தைக்கக் கூடாதுங்க, பின்னால சுருங்கறதை இப்பவே சுருங்க விட்டுப் பார்த்துக்கணும்னார். பிரவுசிங் சென்டர்க்காரர் என்னைத் தனியாக் கூப்பிட்டு, கூட வந்தவருக்கு ஏதாவது உடம்பு சரியில்லையான்னு கேட்டார்.

நாலாவது வாரம் எங்களோட வந்தார். அவர் மேல விழுந்த அடியெல்லாம் காணாமப் போச்சு. நாங்க வாயைப் பிளந்தோம். ஒரே ஒரு சங்கடம், சட்டை விஷயம். ஒரு ராட்சசன் செத்து, பொன்னால செஞ்ச தலைக்கவசம் ஒண்ணு கிடைச்சது. ஊர்லயே அதுக்கு மேல கவசம் கிடையாது. அண்ணன் அதை வாங்கித் திருப்பிப் பார்த்துட்டு வேண்டாம்னுட்டார். கலர் ஒத்து வரலையாம். மார்க்கவசம் நீலம், இது மஞ்சள். "பாடி ஒரு லாட்டு, ஸ்லீவ் ஒரு லாட்டுன்னா பையர் ரிஜக்ட் பண்ணிருவாங்க கண்ணு." ஒரே டீஷர்ட்ல உடம்புக்கும் கைக்கும் வேற வேற சாயம் போட்ட துணி கலந்தா அது திருப்பூர்ல மகாபாவம், வாங்குற வெளிநாட்டுக்காரன் அப்படியே திருப்பி அனுப்பிடுவான், எனக்கும் தெரியும். ஆனா பூதம் என்ன டீஷர்ட்டா வாங்க வருது? எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அதே நீலத்துல கையுறை, பூட்ஸ், இடுப்புப் பட்டைன்னு ஒவ்வொண்ணாத் தேடி எங்களை ரெண்டு மாசம் சேத்துலயும் சுடுகாட்டுலயும் அலைய விட்டார்.

அஞ்சாவதா அந்த நீலத் தலைக்கவசம் கிடைச்சு மாட்டினார் பாருங்க, திரை முழுக்க ஒரு மின்னல். ஏதோ எழுத்து வந்தது. ரபீக் படிச்சுச் சொன்னான். ஒரே வகைக் கவசம் அஞ்சையும் சேர்த்துப் போட்டா, விழுற அடி எல்லாம் பாதியாக் குறையுமாம். வருஷக்கணக்கா ஆடுறவன் ரபீக், அவனுக்கே இது தெரியாது. அண்ணன் மட்டும் மார்க்கர் மூடியை மூடிக்கிட்டே, லாட்டு ஒண்ணா இருந்தா அப்படித்தானுங்க இருக்கும்னார். சத்தியமாச் சொல்றேன், எனக்கு அவர் காலைத் தொட்டுக் கும்பிடணும் போல இருந்தது.

இதுல எனக்கு வாய்ச்ச வேலை வைத்தியர். அண்ணனோட உயிர்க்கோடு குறைஞ்சு சிவப்பு ஆகுறப்போ ஒரு பொத்தானை அமுக்கினா அவர் மேல தீர்த்தம் தெளிக்கும், கோடு ஏறிடும். அவ்வளவுதான் வேலை. ஆனா எனக்குச் சின்னதா ஒரு நெருப்பு உருண்டையும் கொடுத்திருந்தாங்க. எனக்கு அதுமேல ஒரு கிறுக்கு. தெளிக்கிற நேரத்துல எறிஞ்சுக்கிட்டு இருப்பேன். அண்ணன் மெதுவா, "கண்ணு, தண்ணி"ம்பார். அவர் கேட்கிற வரைக்கும் எனக்கு ஞாபகமே வராது.

எதிரியை இழுக்கிறதுதான் அவர் செஞ்சதிலேயே பெரிய வித்தை. அதுக்கும் ஒரு பொத்தான் உண்டு. அமுக்கினா எட்டு செகண்ட் எதிரி அவரை மட்டும்தான் பார்க்கும், அப்புறம் மறந்துடும், திரும்ப அமுக்கணும். அண்ணனுக்குப் பொத்தான் மட்டும் போதாது, வாயாலயும் கூப்பிடுவார். "ஏனுங்க, அந்தப் பக்கம் என்னத்துக்குங்க போறீங்க, இங்க வாங்க"ன்னு பூதத்தை அவர் கூப்பிடுறதைக் கேட்டு, அடுத்த கம்ப்யூட்டர்ல மெயில் பார்த்துக்கிட்டிருந்த ஒரு பையர் ஆபீஸ்காரர் எழுந்து நின்னுட்டார்.

டிராகன் குகையில முதல் தடவை போனப்போ, டிராகன் எங்களைத்தான் முறைச்சது. அண்ணன் சுத்திமுத்திப் பார்த்துட்டு, ஓரமா கிடந்த அதோட முட்டை மேல மெதுவா ஒரு காலைத் தூக்கி வெச்சார். டிராகன் திரும்பினது, அதுக்கப்புறம் எங்களை ஏறெடுத்தும் பார்க்கலை. பதினோரு நிமிஷம் அது கக்கின தீயில நின்னார். பன்னெண்டாவது நிமிஷம் நான் நெருப்பு உருண்டை எறிஞ்சுக்கிட்டிருந்தேன். கண்ணு தண்ணின்னு அவர் கேட்டது காதுலயே விழலை. சாம்பிள் செத்துப்போனார், பின்னாலேயே நாங்க மூணு பேரும். செல்வம் என்னை அவன் ஊர்ப் பாஷையில திட்டினான். அண்ணன் திட்டலை. முட்டை விஷயத்தை மட்டும் சொன்னார்: "யாரா இருந்தாலும், தன்னோட செல்லத்தைக் குறை சொன்னாத்தானுங்க முழுசாத் திரும்புவாங்க."

அதுக்கு அடுத்த சனிக்கிழமை நான் என் மூணாவது வேலைக்கு உலை வெச்சேன். நாலு மணிக்குத் தூத்துக்குடி கிளம்ப வேண்டிய சரக்கு. பாலிதீன் கவர் மேல ஒட்டுற சைஸ் ஸ்டிக்கர்ல மீடியத்தையும் லார்ஜையும் மாத்திக் கொடுத்துட்டேன். மத்தியானம் ரெண்டரைக்குத்தான் தெரிஞ்சது. நாப்பது பெட்டி. பிரிச்சு மாத்தி ஒட்ட ஒண்ணேகால் மணி நேரம் ஆகும்னு பேக்கிங் அக்கா சொல்லிக்கிட்டிருக்கிறப்பவே, படியில முதலாளியோட செருப்புச் சத்தம்.

முதலாளி கோபம் வந்தா அந்த இடத்துலயே கணக்கு முடிச்சு அனுப்புறவர். யாரோ போன்ல சொல்லியிருக்கணும், வந்ததும் ஒரே கேள்வி, ஸ்டிக்கரை மாத்தினது எவன். என் கண்ணு முன்னால குத்துவிளக்கு வரிசையா நின்னது. நான்தான்னு சொல்ல வாயைத் திறந்தேன்.

"ஏனுங்க மொதலாளி, நம்ம புது காம்பேக்டிங் மிசின் சரியில்லீங்களே."

வாஷ்டெஸ்ட். கையில துவைச்ச ஒரு சதுரத் துணி. எங்கிருந்து வந்தார்னே தெரியலை.

அந்த மிசினைப் பத்தி நான் சொல்லணும். துணி பின்னால சுருங்காம இருக்க முன்னாடியே அமுக்கிக் கொடுக்கிறது அது. இத்தாலியில இருந்து முதலாளியே போய்ப் பார்த்து வாங்கினது. வெள்ளிக்கிழமை தவறாம அதுக்குச் சந்தனம், குங்குமம், மாலை. சொந்தக்காரங்க வந்தா மகளைக் காட்டுறதுக்கு முன்னாடி மிசினைத்தான் காட்டுவார். அதைப் பத்தி யாரும் மூச்சு விட்டதில்லை. முதலாளி மெதுவாத் திரும்பினார். டிராகன் திரும்பின மாதிரியே.

என்னய்யா சொன்னேன்னு ஆரம்பிச்சவர்தான். உனக்கு மிசினைப் பத்தி என்ன தெரியும், நீ துணி துவைக்கிறவன்னு சொல்லி, அண்ணன் பொறந்த ஊர்ல இருந்து அவர் போட்டிருந்த செருப்பு வரைக்கும் ஒண்ணையும் பாக்கி வைக்கலை. அண்ணன் தலையை ஆட்டிக் கேட்டுக்கிட்டார். நடுவுல முதலாளி மூச்சு வாங்க நின்னு, பார்வை பெட்டிகள் பக்கம் போகும். உடனே அண்ணன் துணியை நீட்டி, நீளத்துக்கு நிக்க மாட்டேங்குதுங்கன்னு ஒரு வார்த்தை. பார்வை திரும்பி வந்துடும். இன்னொரு தடவை போகும். அகலத்துக்கும்தானுங்க. திரும்பி வந்துடும். நான் மனசுக்குள்ள எண்ணிப் பார்த்தேன், எட்டு செகண்டுக்கு ஒரு தடவை. முதலாளி முதுகுக்குப் பின்னால பேக்கிங் அக்காமார் பத்துப் பேர் சத்தமில்லாமப் பெட்டியைப் பிரிச்சு ஒட்டிக்கிட்டு இருந்தாங்க.

முக்கால் மணி நேரம் ஆச்சு. அண்ணனோட காது மடல் ரெண்டும் செக்கச்செவேல்னு சிவந்துடுச்சு. ஒல்லியான மனுஷன், காலையில இருந்து சாப்பிட்டாரோ என்னவோ. அவர் என் பக்கம் திரும்பவும் இல்லை, எதுவும் கேட்கவும் இல்லை. ஆனா எனக்கு அந்தச் சிவப்புக் கோடு தெரிஞ்சது. ஓடிப்போய் பானையில இருந்து ஒரு டம்ளர் தண்ணியை மொண்டுக்கிட்டு வந்தேன்.

முதலாளி தனக்குன்னு நினைச்சுக் கையை நீட்டினார். நான் அவரைத் தாண்டிப் போய் அண்ணன் கையில கொடுத்தேன். எங்க கம்பெனி சரித்திரத்துல அப்படி ஒண்ணு நடந்ததில்லை. ஒட்டிக்கிட்டிருந்த கையெல்லாம் அப்படியே நின்னுடுச்சு. அண்ணன் குடிச்சு முடிச்சு, டம்ளரைத் திருப்பிக் கொடுக்கிறப்போ, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"கேக்காமயே குடுத்துட்ட கண்ணு."

முதலாளி என்னையே பார்த்துக்கிட்டு இருந்துட்டு, தொண்டை கட்டின குரல்ல தனக்கும் ஒண்ணு கொண்டான்னார். குடிச்சுட்டு மறுபடி அரை மணி நேரம் திட்டினார். கடைசியா, ஸ்டிக்கரை மாத்தினது யாருன்னு ஞாபகம் வந்து கேட்டார். எந்த ஸ்டிக்கருங்க, எல்லாம் சரியாத்தானே இருக்குதுன்னு பேக்கிங் அக்கா ஒரு பெட்டியைத் திறந்து காட்டினாங்க. நாலு மணிக்கு லாரி கிளம்பினது.

அண்ணனுக்குத் தண்டனை, ஆறு மாசம் அந்த மிசின்லயே போய் நிக்கணும். அனல் அடிக்கிற இடம். எனக்குப் பொறுக்கலை, முதலாளிகிட்டப் போய் உண்மையைச் சொல்லிடுறேன்னேன். டேங்க் அடி வாங்குறப்போ வைத்தியர் குறுக்க வந்து நின்னா ரெண்டு பேரும் செத்துருவோம்னு சிரிச்சார். மிசின் நிஜமாவே சரியில்லையான்னு கேட்டேன். அஞ்சு வரைக்கும் பாஸ் இல்லீங்களா, இதுல நூத்துக்கு அரைதான் சுருங்குது, ஆனா அந்த அரை இருக்குது, நான் பொய் சொல்லலைன்னார். அந்த ஆறு மாசத்துல அந்த அரையையும் காலாக்கிட்டார். நான் நிரந்தரம் ஆனேன்.

அந்த ஸ்டிக்கர் சனிக்கிழமைக்கு மறுநாளே, ஞாயித்துக்கிழமை, டிராகன் விழுந்தது. நான் நெருப்பு உருண்டை ஒண்ணுகூட எறியலை. அண்ணன் நோட்டை எடுத்து, பாஸ்னு எழுதி அடிக்கோடு போட்டார்.

அதுக்கப்புறம் நான் எத்தனையோ ஆபீஸ் மாறிட்டேன். எங்கயாவது ஒருத்தரை நிக்கவெச்சுத் திட்டுற சத்தம் கேட்டா, யாரு, என்ன தப்புன்னு நான் விசாரிக்கிறதில்லை. முதல்ல ஒரு டம்ளர் தண்ணியை எடுத்துக்கிட்டு ஓடுறேன்.