‘சும்மா’வை முதலில் போடவும்

நாகரிகம் எனப்படுவது வரிசை. இதை உலகுக்கு அறிவிக்கும் தகுதி, தெருக்களையே நூல் பிடித்துப் போட்ட புதுச்சேரிக்குத்தான் உண்டு. புதுச்சேரியிலும், தட்டாஞ்சாவடியில் இயங்கும் எங்கள் குழாய்நீர் இணைப்புப் பிரிவுக்கே அது கூடுதலாக உண்டு. அதன் கண்காணிப்பாளன் என்ற முறையில், தற்பெருமை சிறிதும் இல்லாமல் சொல்கிறேன்.

சென்ற மாதம் எங்களுக்குப் புதிய கணினிக் கருவி ஒன்று வந்தது. படம் கிடையாது, பொத்தான் கிடையாது. கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்ட வேண்டும், அவ்வளவுதான். ‘துண்டி 417’ என்று தட்டினால் வால்வுக்காரர் இளஞ்செழியனின் கைபேசிக்கு உத்தரவு பறக்கும். அவர் ஸ்கூட்டரில் போய் 417ஆம் எண் வீட்டுக் குழாயை அடைப்பார். ‘இணை 417’ என்றால் போய்த் திறப்பார். கட்டளையில் ‘--சும்மா’ என்ற குறியையும் சேர்த்தால் உத்தரவு போகாது. போனால் என்ன ஆகும் என்று திரையில் மட்டும் காட்டும். ஒத்திகைக்காக அப்படி ஓர் ஏற்பாடு.

பழைய கருவி வெகுளி. ‘--சும்மா’வை எண்ணுக்கு முன்னால் போட்டாலும் பின்னால் போட்டாலும் புரிந்துகொண்டு தலையாட்டும். புதியது கண்டிப்பானது. முதல் எண்ணைப் பார்த்துவிட்டால், அதற்குப் பின்னால் வருவதெல்லாம் இணைப்பு எண்தான் என்று சாதிக்கும். இந்த மகத்தான முன்னேற்றம் பற்றி எங்கள் தட்டச்சர் துர்காவுக்கு யாரும் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை மேலதிகாரி இராமதாஸ் முன்னிலையில் ‘செயல்விளக்கம்’ நடந்தது. துர்கா ஏதோ ஓர் எண்ணை எடுத்து, பழைய பழக்கத்தில் ‘துண்டி 417 --சும்மா’ என்று தட்டினாள். திரை இரண்டு வரி பேசியது. ‘417: துண்டிக்க உத்தரவு அனுப்பப்பட்டது.’ ‘--சும்மா: அப்படி ஓர் இணைப்பு இல்லை.’

முதல் வரியை இராமதாஸ் பொருட்படுத்தவில்லை. இரண்டாவது வரியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“யாரும்மா இந்தச் சும்மா? இணைப்பே இல்லாம எத்தினி வருசமா தண்ணி எடுக்கறாரு?”

“ஐயோ, அது ஆளு இல்ல சார். நான்தான் தெரியாம பின்னாடி போட்டுட்டேன்…”

“பின்னாடியா? கொல்லைப் பக்கமா பைப்பு இழுத்துட்டாரா!”

உடனே இருவர் குழு அமைக்கப்பட்டது. அது குருசுக்குப்பம் வரை சென்று, சும்மா உட்கார்ந்திருந்த மூவரைக் கடுமையாக விசாரித்துவிட்டுத் திரும்பியது.

மறுநாள் காலை நெல்லித்தோப்பிலிருந்து அஞ்சலாட்சி காலிக் குடத்தோடு வந்து நின்றாள். 417 அவள் வீடு.

“சார், வர்ற ஞாயித்துக்கெழம எம் பொண்ணு இனியாவுக்கு நிச்சயம். மாப்ள வூட்லேர்ந்து நாப்பது பேரு வராங்க. நேத்து சாயந்தரத்துலேர்ந்து கொழாயில ஒரு சொட்டு இல்ல சார்.”

உடனே திறந்துவிடச் சொல்லியிருக்கலாம். அது பொறுப்பற்ற செயல். ஆகவே கூட்டம் கூட்டினோம். போண்டாவுடன் மூன்று மணி நேரம் ஆய்ந்து ஒரு தீர்மானம் நிறைவேற்றினோம்: ‘பொதுமக்கள் நலன் கருதி, இனி எல்லாக் கட்டளைகளிலும் --சும்மா கட்டாயம் இடம்பெற வேண்டும். அதுவும் முதலில் இடம்பெற வேண்டும்.’

“எல்லாத்துக்கும் சும்மா போட்டா, எப்பதான் சார் நெசமா செய்யறது?” என்றாள் துர்கா.

அதைக் கூட்டக் குறிப்பில் ‘பாராட்டுரை’ என்று பதிவு செய்தோம்.

தீர்மானப்படி ‘இணை --சும்மா 417’ என்று தட்டப்பட்டது. அடடா, என்ன ஒழுங்கு! திரையில் ஒரு பிழை இல்லை. ‘417: இணைக்க உத்தரவு அனுப்பப்படும்’ என்று வந்தது. இராமதாஸுக்குக் கண் கலங்கிவிட்டது. நான் பதிவேட்டில் ‘குறை தீர்ந்தது’ என்று எழுதினேன். வியாழனும் வெள்ளியும் அவள் வந்தாள். அவ்விரண்டு நாளும் அவ்வாறே தீர்த்துவைத்தோம். ஒரே குறையை மூன்று முறை தீர்த்த அலுவலகம் இந்தப் பிராந்தியத்தில் வேறு இருக்காது.

சனிக்கிழமை வந்தவள் நகர மறுத்துவிட்டாள். நான் பொறுமையாகப் பதிவேட்டைக் காட்டினேன்.

“தீர்ந்துடுச்சே அம்மா, பாருங்க. மூணு தடவ எழுதியிருக்கு.”

“இந்த நோட்டப் பிழிஞ்சா சார் நாப்பது பேருக்கு சாம்பார் வைக்கறது? நாளைக்கு வர்றவங்களுக்குக் கை கழுவ ஒரு சொம்பு தண்ணி இல்லன்னா, எம் பொண்ணுக்கு எவ்ளோ அவமானம்?”

சொல்லும்போதே குரல் உடைந்து, குடத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். எனக்கே பாவமாகத்தான் இருந்தது. ஆனால் தீர்மானம் தீர்மானம்தானே?

துர்கா கணினி முன் உட்கார்ந்து, ‘இணை 417 --சும்மா’ என்று தட்டினாள். முதல் வரியில் உத்தரவு பறந்தது; இரண்டாவது வரியில் கருவி செவ்வாய்க்கிழமை போலவே முனகியது. அரை மணி நேரத்தில் அஞ்சலாட்சியின் கைபேசி அலறியது.

“யம்மா, தண்ணி வந்துடுச்சி! நீ கெளம்பி வா!” என்ற இனியாவின் குரல் எனக்கே கேட்டது.

நான் கடமை தவறாதவன். அப்போதே வரிசை மீறலுக்காகத் துர்காவுக்குக் குறிப்பாணை தயாரித்து நீட்டினேன். அஞ்சலாட்சி பதறிப்போனாள்.

“அந்தப் பொண்ணு என்னா சார் தப்பு பண்ணிச்சி?”

“ஒழுங்கான வரிசையில போடலக்கா,” என்றாள் துர்கா. “ஒழுங்கா போட்டா, இந்த மிஷினு எல்லாம் செய்யற மாதிரி காட்டும். ஆனா ஒண்ணும் செய்யாது.”

அஞ்சலாட்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“செய்யற மாதிரி காட்டிட்டு ஒண்ணும் செய்யாம இருக்கறதுக்கு எதுக்கு சார் மிஷினு? அதான் நீங்க இருக்கீங்களே!”